நாற்பத்தொரு மணி

கரட்டுப்புதூரில் பங்குனி பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்குத் தெற்குப் பட்டாசுக் கம்பெனியின் ஒன்பதாம் நம்பர் மருந்து அறை வெடித்தது. அதற்கு மூன்றாம் நாளிலிருந்து பிழைத்தவர்களின் காதுக்குப் பின்னாலிருந்து பயம் சரஞ்சரமாக உதிரத் தொடங்கியது. முதல் செய்தியைப் பத்திரிகைகள் இரண்டு நாள் போட்டன. இரண்டாவது செய்தியை யாரும் போடவில்லை, ஏனென்றால் பிழைத்தவர்களைப் பற்றி எழுத அதற்குள் இடம் தீர்ந்துபோயிருந்தது.

அதை முதலில் பார்த்தவள் குருவம்மாள். இருபத்தாறு வருடமாக அந்தக் கம்பெனியில் வெடிச்சரம் பின்னியவள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், அதிகம் பேசாதவள். கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணிவிடுவாள். பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவாள், பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவாள். அந்த மூன்றாம் நாள் அவளுடைய தங்கை, ஒன்பதாம் அறைக்குள்ளிருந்து பிழைத்த வேலுத்தாய், கம்பெனிக் குடியிருப்பின் நாலாம் நம்பர் வீட்டில் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. வேலுத்தாய் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குறுகினாள். அவளுடைய இடது காதுக்குப் பின்னாலிருந்து, சோள மணியை விடச் சிறிய, பனிக்கட்டி போலக் கலங்கலான மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தோள் வழியாக இறங்கித் தரையில் விழுந்தன. தொட்டால் சூடாக இருந்தன.

குருவம்மாள் ஆச்சரியப்படவில்லை. எண்ணினாள். நாற்பத்தொன்று இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினாள். இரண்டாவது விசிலுக்கு விழுந்த சரத்தையும் எண்ணினாள். அதிலும் நாற்பத்தொன்று.

"என்னக்கா அது?" என்றாள் வேலுத்தாய்.

"ஒண்ணுமில்ல தாயி. நாப்பத்தொண்ணு."

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேருக்கும் விழுந்துவிட்டது. ஒன்பதாம் அறைக்குள் இருந்து பிழைத்த நாலு பேர், அக்கம்பக்கத்து அறைகளில் இருந்த பதினைந்து பேர். தட்டு விழுந்தால் ஒரு சரம், இரும்புக் கதவு இழுபட்டால் ஒரு சரம், யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் ஒரு சரம். ஆள் மாறினாலும் அளவு மாறவில்லை. கம்பெனியிலிருந்து வெளிவந்த சரக்கில் எண்ணிக்கை குறையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வது போலத்தான். முதல் வாரம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் வெள்ளாட்டுக் கழுத்தில் கட்டினால் திருஷ்டி படாது என்று கேட்டு வாங்கிப் போனார்கள். மூன்றாம் வாரம், பகலில் குக்கர் வைப்பவர்கள் விசிலைக் கழற்றிவிட்டுத் தட்டு போட்டு மூடட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. சோறு குழைகிறது என்று நாலாம் வாரம் அந்த முடிவு ரத்தானது. ஒரு கட்சிக்காரர் சரம் உதிர்ப்போர் நலச்சங்கம் என்று பலகை எழுதி மாட்டினார். அதன் திறப்பு விழாவுக்கு வேட்டு போட்டார். அன்று மட்டும் நூற்றுப் பதினாறு சரம் விழுந்தது. சங்கத்தின் முதல் சாதனையாக அதை அவரே மேடையில் அறிவித்தார்.

போர்மேன் காளிராஜுக்கு வேறு கவலை இருந்தது. வேலை நேரத்தில், கம்பெனிக்குள், கம்பெனி மருந்தால் உண்டான பயம் யாருக்குச் சொந்தம் என்று அவன் வழக்கறிஞரிடம் கேட்டான். வழக்கறிஞர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, சட்டப்படி கம்பெனிக்குத்தான், ஆனால் இப்போதைக்கு உரிமை கோர வேண்டாம் என்றார்.

சித்திரை மாதம் மதுரையிலிருந்து அனுசுயா என்ற மூளை டாக்டர் வந்தார். ஒரு சரத்தை இடுக்கியால் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"இது கண்ணுக்குத் தெரியக்கூடாதே" என்றார் கொஞ்சம் கோபமாக.

"தெரியுதுங்களே" என்றாள் குருவம்மாள்.

நல்ல டாக்டர்தான். பாயில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மூளைக்குள்ளே புரதத் துண்டுகள் மணி மணியாகக் கோத்த சரங்கள் உண்டாகின்றன. அவற்றுக்குப் பெப்டைட் என்று பேர். ஆபத்து வந்தால் நாற்பத்தொரு மணிச் சரம் ஒன்று புறப்பட்டுப் போய், உடம்பு முழுக்க மணியடித்து எழுப்பிவிடும். அது நல்லதுக்குத்தான், இல்லையென்றால் யாரும் தீயைக் கண்டு ஓட மாட்டார்கள். ஆபத்து போனதும் மணியடிப்பது நிற்க வேண்டும். பெரிய அதிர்ச்சியைப் பார்த்த சிலருக்கு அது நிற்பதில்லை. தட்டு விழுந்தாலும் மூளை அதே செவ்வாய்க்கிழமை என்றே நினைத்துக்கொள்கிறது.

"நிப்பாட்ட ஒண்ணும் இல்லீங்களா?"

"முப்பத்தாறு மணியில இன்னொரு சரம் இருக்கும்மா. அது அமைதிப்படுத்தும். அது தாராளமா ஊறுறவங்க சீக்கிரம் தேறிடறாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊறாது."

அது உண்மை என்று குருவம்மாளுக்குப் பின்னால் தெரிந்தது. வைகாசியில் சிலருக்கு இளம்பச்சை நிறத்தில் முப்பத்தாறு மணிச் சரம் விழ ஆரம்பித்து, பயச்சரம் குறைந்தது. வேலுத்தாய்க்குப் பச்சை விழவே இல்லை. நாளுக்குப் பதினொன்று, அதற்குக் குறையாமல் வெள்ளைதான். ஒரே ஒருநாள், தலை பின்னிவிடும்போது அவள் காரணமில்லாமல் அழுதாள். குருவம்மாள் தங்கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது குருவம்மாளின் மடியிலேயே குட்டியாய் ஒரு சரம் கிடந்தது. ஒன்பதே மணி. யாரிடமிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி வந்த டாக்டரிடம் காட்டினாள்.

"இது ஒருத்தரை ஒருத்தர் அணைச்சுக்கிட்டா வர்றது. தாய்க்குப் பால் இறங்க வைக்கிறதும் இதுதான்" என்றார் டாக்டர். அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. குருவம்மாள் அதைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள்.

பத்தொன்பது பேரும் அன்றன்றைக்கு விழுந்ததைச் சாயங்காலம் அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். அவள் நாற்பது பக்க நோட்டில் பேருக்கு நேரே எண் எழுதினாள். எண்ணியதை எறிந்துவிட்டால் மறுபடி சரிபார்க்க ஒன்றும் இருக்காது என்பதால் சரங்களை வைத்துக்கொண்டாள். இங்கேதான் அவள் ஒரு தவறு செய்தாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருப்பாள். இருபத்தாறு வருடம் வெடி பின்னிய கை அப்படிச் சும்மா போடாது. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் அந்தச் சரங்களை இரண்டிரண்டாக எடுத்து நடுநூலோடு பின்னின. பின்னியதைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றின. நுனியில் திரி வைத்தன. திரி இல்லாமல் ஒரு சரத்தை அவள் கை முடித்ததே இல்லை. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டிலுக்கடியில் தலையணை கனத்தில் ஒரு பெரிய வெடிச்சரம் சுருண்டு கிடந்தது. ஆறாயிரத்து இருநூற்று மூன்று சரம். மணிக்கணக்கில் இரண்டு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்து மூன்று. அந்த அளவில் எந்தக் கம்பெனியும் வெடி போடுவதில்லை.

அவள் எண்ணியும் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் உண்டு. பங்குனி பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு, திரி வாங்கப் போனபோது, ஒன்பதாம் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தலைகள் பதினொன்று. அந்த அறைக்கு அனுமதி நாலு பேர். சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுதியிருந்தது. பதினொன்று என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து ஏழு குறைந்தது.

கம்பெனிப் பதிவேட்டில் நாலு என்றே எழுதியிருந்தது. பிழைத்தவர்களும் நாலு பேர். ஆகவே பதிவேட்டின்படி கணக்கு நேராக இருந்தது, ஒருவரும் சாகவில்லை. செத்துப்போன மாரீஸ்வரியும் மற்ற ஆறு பேரும் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கமாக நடந்துபோனவர்கள் என்று விசாரணையில் எழுதப்பட்டது. அந்தக் கம்பெனியில் தண்ணீர்க் குழாய் வடக்கு மூலையில் இருக்கிறது. ஒன்பதாம் அறை தெற்கு மூலை.

ஆடி பிறந்ததும் முதலாளி தனசிங் கம்பெனியைத் திறக்க ஓடினார். தீபாவளிக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அனுமதி தர வந்த அதிகாரி நல்ல மனிதர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தொழிலாளர்கள் பயம் தெளிந்திருக்க வேண்டும். தலைக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு சரத்துக்கு மேல் விழக்கூடாது. முதலாளி உடனே நடவடிக்கை எடுத்தார். பயம் வேண்டாம் என்று கேட்டில் எழுதிப் போட்டார். பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார். மூச்சை இழுத்து விடச் சொல்லித்தர ஒருவர் வந்து, கந்தகக் குடோன் பக்கத்தில் உட்காரவைத்து மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார்.

ஆடிக் கடைசியில் குருவம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"எத்தனம்மா வருது?" என்றார் முதலாளி.

"ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மொதலாளி. பத்தொம்பது பேருக்கு. சராசரி ரெண்டு."

"ஒண்ணுன்னு எழுதேன்."

"ரெண்டுதான மொதலாளி வருது."

காளிராஜ் பல்லைக் கடித்தான். முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அவர் பி.காம். படித்தவர்.

"சரி, முப்பத்தெட்டுன்னே எழுது. பொய் எழுத வேண்டாம். ஆனா கம்பெனி ஆளுங்க மொத்தம் எத்தனை பேரு? நானு, காளிராஜ், கிளார்க்கு, வாட்ச்மேன், வெளிவேலை ஆளுங்க எல்லாம் சேத்து?"

"எரநூத்திப் பன்னெண்டு."

"எனக்கு ஒரு சரமாவது விழுந்திருக்கா? காளிராஜுக்கு? நாங்களும் கம்பெனிதானே. எல்லாத்துக்கும் சேத்து வகு."

அவள் வகுத்தாள். புள்ளி ஒன்று எட்டு வந்தது. வகுத்தல் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை வகுத்தாள், அதேதான் வந்தது. பயமே இல்லாத நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தினால் எந்தப் பயமும் தெளிந்துவிடுகிறது. ஊர் முழுக்கச் சேர்த்திருந்தால் இன்னும் நன்றாகத் தெளிந்திருக்கும்.

ஆவணி முதல் தேதி திறப்பு என்று முடிவானது. இடிந்த அறையைக் கட்டி முடித்திருந்தார்கள். ராசியில்லாத நம்பர் என்று ஒன்பதை மாற்றி எட்டு ஏ என்று எழுதியிருந்தார்கள். மற்றபடி அதே அளவு, அதே கதவு. பத்திரிகைப் படத்துக்காக, பிழைத்த நாலு பேரையே முதல் நாள் அந்த அறைக்குள் உட்காரவைப்பது என்று பட்டியல் போட்டார்கள். வேலுத்தாய் பெயர் முதலில் இருந்தது. அதைச் சொல்லக் காளிராஜ் அவர்கள் வீட்டுக்கு வந்தான்.

"அவளால முடியாது காளிராஜு. கதவுச் சத்தத்துக்கே நடுங்குறா. நான் போறேன் அவளுக்குப் பதிலா."

"பொழைச்சவ நீ இல்லையே யக்கா. போட்டோவுக்கு அவதான் வேணும். வரலைன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு மொதலாளி. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் எங்க போவீங்க?"

இதைச் சொல்லிவிட்டு நோட்டை வாங்கக் குனிந்தவன் கட்டிலுக்கடியில் சிவப்பைப் பார்த்தான்.

"அடிப்பாவி மக்கா! வீட்டுல சரக்கு வச்சிருக்கியா?"

"அது வெடி இல்லய்யா. பயம். பத்தொம்பது பேரோடது."

"காயிதம் இருக்கு, திரி இருக்கு, பின்னலு இருக்கு. யாருகிட்ட கத விடுற? அப்படியே பயமா இருந்தாலும் அது கம்பெனிச் சரக்குத்தான், வக்கீலே சொல்லிட்டாரு." தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

திறப்பு விழாவன்று காலை எட்டு மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. நடுவில் முதலாளி, வலதுபக்கம் அதிகாரி, இடதுபக்கம் காளிராஜ் என்று முன் வரிசையில் மூன்று நாற்காலி. மூன்றாம் வரிசையில் டாக்டர் அனுசுயா. மேசையில் கையெழுத்துக்காகப் பதிவேடு. தொழிலாளர்கள் மேற்குப் பக்கம் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஆவணியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வெடி கொளுத்தும்போது காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். நாற்காலிக்குத் தெரியாது.

பூஜை முடிந்ததும் முதலாளி தன் கையால் முதல் சரம் கொளுத்துவது அந்த ஊர்க் கம்பெனிகளின் வழக்கம். நாலு மாதம் வேலை நடக்காததால் புதுச் சரக்கு இல்லை. கேட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் வேப்பமரத்தில் ஒரு சரம் தொங்கியது. தூரத்திலிருந்தே குருவம்மாள் தன் முடிச்சை அறிந்துகொண்டாள். பின்னுகிறவளுக்குத் தன் முடிச்சு தெரியாமல் இருக்காது.

பங்குனியில் வாய் திறக்காதவள் அன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது.

"மொதலாளி, அதக் கொளுத்தாதீங்க. அது வெடி இல்ல. ஆறாயிரத்து எரநூத்தி மூணு சரம் பயம்."

பந்தலே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "எண்ணுற வேலைய மட்டும் பாரும்மா" என்றார். பத்திக் குச்சியைத் திரியில் வைத்தார்.

தொழிலாளர்கள் காதைப் பொத்தினார்கள். கேட்டுக்குத் திரும்பி ஓடிவந்த அக்காவின் முந்தானைக்குள் வேலுத்தாய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை. திரி போனது, காகிதம் சுருண்டது, மணிகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகப் பூத்து விரிந்து புகையாயின. நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாக, அவசரமில்லாமல், கால் மணி நேரம் எரிந்தது. புகையில் கந்தகமும், அன்றைக்கு மாரீஸ்வரி கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதமும் மணத்தன. மேற்குக் காற்று அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய் முன் வரிசையில் இறக்கியது. பின்னாலிருந்தவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். முன் வரிசைக்காரர்கள் மரியாதை கருதி உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ஊசிப்போன சரக்கு" என்றான் காளிராஜ் இருமிக்கொண்டே.

அப்போது ஐயரின் தாம்பாளம் கைநழுவித் தரையில் விழுந்தது.

மூன்று பேரும் நாற்காலிக்கு அடியில் போனார்கள். மூன்று நாற்காலிக்கு அடியிலிருந்தும் மூன்று சரம் உருண்டு வந்தது. குருவம்மாள் கண்ணாலேயே எண்ணினாள். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. மூன்றாம் வரிசையில் கைப்பையைத் தேட நின்றுவிட்ட டாக்டருக்கும் பாதிச் சரம் விழுந்தது, இருபது மணி. அவர் அதை உறையில் போட்டுத் தேதி எழுதிக்கொண்டார்.

முதலாளி மண்ணில் கிடந்து கத்தினார். "கதவு! கதவத் தெறங்கடா! உள்பக்கமா தெறக்குதே, ஆளு மேல ஆளு விழுந்து கெடக்கே, எப்படித் தெறக்க? மாரீஸ்வரி காலு மாட்டிக்கிச்சு!" தன் கம்பெனியில் மாரீஸ்வரி என்று ஒருத்தி வேலை பார்த்ததே அவருக்கு அதுவரை தெரியாது. அதிகாரி தன் சட்டையில் இல்லாத தீயை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார். காளிராஜ் அம்மாவைக் கூப்பிட்டான்.

வேலுத்தாய் முந்தானையிலிருந்து முகத்தை எடுத்தாள். நாலு மாதமாகத் தன் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை வேறொருவர் வாய் சொல்லக் கேட்டாள். மெதுவாக நடந்துபோய் முதலாளி பக்கத்தில் குந்தினாள்.

"கதவு தெறந்துருச்சு மொதலாளி" என்றாள். "வெளிய வந்துட்டோம். இங்க பாருங்க, வேப்பமரம். வெயிலு. எந்திரிங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒன்று இறங்கியது. ஒன்பது மணி. பின்னாலேயே வந்த குருவம்மாள் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கு இன்னமும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பிறகு அவள் மேசையிலிருந்த பதிவேட்டை எடுத்துவந்து பங்குனி பதினான்காம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"உள்ள எத்தன பேரு மொதலாளி?"

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஒவ்வொரு பேராகப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பதினொண்ணு."

அதிகாரியிடம் கேட்டாள். "பதினொண்ணு" என்றார். காளிராஜிடம் கேட்டாள். "பதினொண்ணு யக்கா, பதினொண்ணு, என்னைய வெளிய விடு" என்றான்.

சரிபார்க்க அவளிடமும் ஒரு எண் இருந்தது. ஒத்துப்போனது. நாலை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பதினொன்று என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட இடம் விட்டுப் பேனாவை நீட்டினாள். முதலாளி வாங்கும்போது பேனாவின் மூடி கீழே கிடந்த தாம்பாளத்தில் டக்கென்று விழுந்தது. அவர் காதுக்குப் பின்னாலிருந்து அடுத்த நாற்பத்தொன்று பதிவேட்டின் மேல் சரிந்தது. குருவம்மாள் அதைப் புறங்கையால் மெல்ல ஒதுக்கினாள், மை இன்னும் காயவில்லை.